வெறுங்கூடை திரும்பாத ஊர்

சித்த நகுந்து படு கண்ணு. காலை என்ற மேல போட்டுக்க, பரவால்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்குதா, உங்கம்மா மெஷினு ஓடறது? டகடகடகடக. நாளைக்குக் காத்தால முகூர்த்தமாம். கல்யாண வீட்டுப் பொம்பளைக அத்தனை பேருக்கும் ஜாக்கெட்டு தெச்சுக் குடுத்தாகோணுமாம். அந்தச் சத்தம் நிக்கற வரைக்கும் நீ என்ற பொறுப்பு. கண்ண மூடிக்க. நாஞ் சொல்லச் சொல்ல "ம்" கொட்டோணும். "ம்" நின்னுபோச்சுன்னா கதையும் நின்னுபோயிரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கூடை இருந்துச்சு.

"கூடையா? ராஜா இல்லியா ஆத்தா?"

ராஜா இல்ல. ஊரு சின்னது சாமி. ராஜா வந்தான்னா யானைய எங்க கொண்டுபோய்க் கட்டுவான்? பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸு நின்னாலே மூணாவது பஸ்ஸு ரோட்டுல நின்னு பாம் பாம்னு கத்தும். அதனால நம்ம கதையில கூடைதான். நல்ல மூங்கில் கூடை. வாய்க்கு நாரு சுத்தினது, அடி கொஞ்சம் நசுங்கினது.

அந்த ஊருக்குப் புதூர்னு பேரு.

"நம்மூரு!"

ஏன், ஒலகத்துல வேற புதூரே இல்லியா? பேசாம கேளு. ஊருக்கு இந்தப் பக்கம் வாய்க்கா. அந்தப் பக்கம் மஞ்சக்காடு, அதத் தாண்டுனா வாழை. நடுவுல நாலு தெரு, ஒரு பேக்கரி, ஒரு ரேசன் கடை, செவ்வாக்கெழமையானா சந்தை. இந்தக் கோடியில ஒரு கொழந்த தும்முனா அந்தக் கோடியில இருந்து "நூறு"ம்பாங்க. அவ்வளவுதான் ஊரு.

ஆனா ஒண்ணு, அங்க எல்லாமே சல்லிசு. வீட்டு வாடகை சல்லிசு, அரிசி சல்லிசு, காயி சல்லிசு. கறிவேப்பிலைக்கு வெலையே கெடையாது. ஒருத்தி கறிவேப்பிலைய காசு குடுத்து வாங்குனான்னா ஊரே நின்னு வேடிக்க பாக்கும். சல்லிசுன்னா மட்டம்னு அர்த்தமில்ல கண்ணு. வேணுங்கறது வெளையுது, வெளஞ்சது கைக்குக் கை போவுது, அதான். எங்க "ம்"?

"ம்."

அப்போ, மெட்ராஸ்ல ஒரு தையக்காரி இருந்தா. வேதவல்லின்னு பேரு.

"எங்கம்மா பேரு!"

ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருக்கப்படாதா? நீ கண்ணத் தொறந்தா நான் வாய மூடிருவேன். அந்த வேதவல்லிக்கு ஒரு புருசன். கன்னியப்பன்னு பேரு. எரிஞ்சுபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்தி, காயில் கட்டி, திரும்ப ஓட வைக்கிறதுல கெட்டிக்காரன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு ரூம்பு. அதுல மெஷினப் போட்டா பாய் போட எடமில்ல. பாயப் போட்டா மெஷின் போட எடமில்ல. ராத்திரியானா மெஷினத் தூக்கி மாடிப்படிக்குக் கீழ வெச்சுப்போட்டு, காத்தால திரும்ப உள்ள தூக்கியாறது. அந்த ரூம்புக்கும் வருசா வருசம் வாடகை ஏறுது. அப்புறம் ஒரு நாளு வேதவல்லி வயித்துல ஒரு பாப்பா வந்துருச்சு. அவ அந்த ரூம்ப அண்ணாந்து பாத்தா. "யோவ், தொட்டில எங்கய்யா கட்டறது?"ன்னா. புருசனும் அண்ணாந்து பாத்தான்.

அப்போ புதூர்ல இருந்து மெட்ராசுக்குப் போன ஒருத்தரு கன்னியப்பங்கிட்டச் சொன்னாரு. "எங்கூர்ல கெணத்து மோட்டார் எரிஞ்சுதுன்னா காயில் கட்ட ஆளில்லீங்க தம்பி. டவுனுக்குத் தூக்கிட்டு ஓடோணும். அதுக்குள்ள வாழை வாடிப்போவுது. நீங்க வந்தீங்கன்னா வீடெல்லாம் சல்லிசாக் கெடைக்கும்"னாரு.

அப்புறமென்ன, இருந்த ரூம்பக் காலி பண்ணிக் குடுத்துட்டு, மெஷினு, பாயி, பீரோ, ரெண்டு கொடம், அம்புட்டையும் ஒரு டெம்போவுல போட்டுக்கிட்டு ஒரு புதன்கெழமை வந்து எறங்கிட்டாங்க. ஓட்டு வீடு. ரெண்டு ரூம்பு. சமைக்க தனி எடம். வீட்டுக்குப் பின்னால பொடக்காலில ஒரு கொய்யா மரம், அதுல அணிலு. வீட்டுக்காரரு சொன்ன வாடகையக் கேட்டுட்டு வேதவல்லி, கரண்டுக்கு மட்டும் சொல்றாராக்கும்னு நெனச்சுக்கிட்டா. மொத்தமே அவ்வளவுதான்னதும் அவளுக்கு மூஞ்சி சிரிக்கல. அவ ஒடனே புருசங்காதுல, "இம்மாம் பெரிய வூட்ட இவ்ளோ கம்மியா வுடறாங்கன்னா, உள்ள இன்னாவோ இருக்குதுய்யா"ன்னா.

பாத்தியா? நல்லா இருக்கற வீட்டச் சல்லிசாக் குடுத்தது குத்தமாப் போச்சு. எனக்கு இதுலயே கொஞ்சம் கோவம். போச்சாது போ, மெட்ராஸ்ல அவ பட்டது அப்படி.

இப்ப கூடைக்கு வர்றேன். அந்த ஊர்ல ஒரு பழக்கம். புதுசா ஒரு குடும்பம் வந்து எறங்கினா, பக்கத்து வீட்டுக்காரி ஒரு வெறுங்கூடையக் கொண்டுவந்து அவங்க வாசப்படி ஓரமா வெச்சிருவா. யாரையும் கூப்புடறதில்ல, கதவத் தட்டறதில்ல. அப்புறம் காட்டுக்குப் போறவங்க, பாலூத்தப் போறவங்க, விடியறதுக்கு முன்னால அந்த வழியாப் போறப்ப, அவங்கவங்க காட்டுல வெளஞ்சதுல ஒண்ண அந்தக் கூடையில போட்டுட்டுப் போவாங்க. கையில குடுத்தா என்ன ஆவும்? "அய்யோ வேண்டாங்க"ம்பாங்க. வாங்கிட்டாலும் கூச்சமா நிப்பாங்க. அந்தக் கூச்சமே வேண்டாம்னுதான் சொல்லாமக் கொள்ளாம போடறது.

"அப்புறம்?"

அப்புறம், அடுத்த செவ்வாக்கெழமை சந்தை முடியறதுக்குள்ள அந்தக் கூடை திரும்பி வரோணும். வெறுங்கூடையா வரப்படாது. ஒரு பிடி சக்கரை போட்டிருந்தாலும் போதும், ஒரு பூவு வெச்சிருந்தாலும் போதும். ஏதாச்சும் ஒண்ணு உள்ள இருந்தா, அவங்க நம்மூருக்காரங்க. வெறுங்கூடையா வந்துச்சோ, பஸ்ஸுக்கு நிக்கறவங்க, எப்பவேணாப் போயிருவாங்கன்னு ஊரு வெச்சுக்கும். அதுக்கப்புறம் யாரும் சண்டைக்கும் போக மாட்டாங்க, சவகாசத்துக்கும் போக மாட்டாங்க. சண்டைகூட போடாம இருக்கறதுதான் கண்ணு நெம்பக் கஷ்டம்.

இதையெல்லாம் வேதவல்லிக்கு யாராச்சும் சொன்னாங்களா? ஒருத்தருஞ் சொல்லல. சோத்த எப்படித் திங்கறதுன்னு யாராச்சும் வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்குச் சொல்லித் தருவாங்களா? தெரியாம இருக்குமுன்னே ஊர்ல யாருக்கும் தோணல. அது ஊரு பண்ணின தப்பு. அதையுஞ் சொல்லிப்போடறேன்.

அப்போ பக்கத்து வீட்டுல ஒருத்தி இருந்தா. கோழி வளக்கறவ. கோழிக்காரின்னு வெச்சுக்கலாம். நெம்ப நல்லவ. வாயி கொஞ்சம் பெருசு. ஆனா பாக்க லச்சணமா இருப்பா.

"அது நீதான ஆத்தா?"

பேசாம பொட்டாட்டக் கேளு. அந்தக் கோழிக்காரிதான் கூடைய வெச்சது. வேதவல்லி காத்தால கதவத் தொறந்தா, வாசல்ல வெறுங்கூடை. "யாரோ மறந்து வெச்சிட்டுப் போய்ட்டாங்க"ன்னு அத ஓரமாத் தள்ளி வெச்சா. சரி. அடுத்த நாளு வெள்ளிக்கெழமை. கிரீச்சுன்னு கதவத் தொறந்தா. கூடையில என்ன?

"என்ன?"

சாம்பப் பூசணி! உருண்டையா, வெள்ளையா, கனமா. வாய்க்காக் கரை ரங்காத்தா காட்டுப் பூசணி. ரங்காத்தா மொத நாளெல்லாம் மஞ்ச வேக வெச்சவ, கையெல்லாம் மஞ்ச. காட்டுல செம்மண்ணு. அதனால பூசணி மேல இங்க மஞ்சத் தீத்தல், அங்க செவப்புத் தீத்தல். கழுவிப்போட்டு அரிஞ்சு மோர்க்கொழம்பு வெச்சா ஊரே மணக்கும். ஆனா மெட்ராஸ்காரி கண்ணுக்கு அது என்னவாத் தெரிஞ்சுது? மஞ்சள் குங்குமம் பூசின பூசணி, வெள்ளிக்கெழமை, வாசப்படியில!

"அய்யய்யோ, யாரோ செய்வினை செஞ்சு வெச்சிட்டாங்க!"ன்னா. கை வயித்து மேல போயிருச்சு. பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு கையால தொட பயம். அதனால என்ன பண்ணினா தெரியுமா? வெளக்குமாத்த எடுத்து, பூசணிய கூடையில இருந்து கவுத்து, தெருவுல உருட்டிக்கிட்டே போறா! கடகட, கடகட. இவ தள்ள, அது ஓட, இவ பின்னாலயே ஓட. முச்சந்திக்குப் போனதும் கொழாய்க் கட்டையில மோதி... டமார்! நாலாப் பொளந்துபோச்சு.

அப்பப் பாத்து சொசைட்டியில பாலூத்திட்டுத் திரும்பி வர்றா ரங்காத்தா. தான் ஆசையா வளத்த பூசணி முச்சந்தியில ஒடஞ்சு கெடக்குது. பக்கத்துல வெளக்குமாத்தோட புதுசா வந்தவ. காலிக் கேனத் தூக்கிக்கிட்டு விடுவிடுன்னு போயிட்டா. ம் எங்க?

"ம்... பாவம் பூசணி."

பூசணி பாவந்தான். சாயங்காலம் கன்னியப்பன் மோட்டார் வேல முடிச்சுக் கையெல்லாம் கிரீசோட வந்தான். இவ சொன்னா. அவன் நெம்ப சாது. "யாராச்சும் தெரியாம வெச்சிருப்பாங்க, வுடும்மா"ன்னான்.

அப்புறம் ஞாயித்துக்கெழமை. அன்னிக்கு அமாவாசை வேற. கிரீச்சுன்னு கதவத் தொறந்தா. கூடையில என்ன?

"கோழி!"

கோழி இன்னும் வல்ல, அவசரப்படாத. எலுமிச்சங்கா! கூடவே ஒரு கை பச்சமொளகா! தோட்டத்துச் சென்னியப்பண்ணன் வெச்சது. அவருக்கு எலுமிச்ச மரத்துக்கு அடியிலதான் மொளகாப் பாத்தி. போறபோக்குல ரெண்டையும் பறிச்சுப் போட்டுட்டுப் போயிருக்காரு. வேறொண்ணும் அவரு மனசுல இல்ல. ஆனா எலுமிச்ச, பச்சமொளகா, அமாவாசை! "இதுவும் செஞ்சு வெச்சதுதான்"னு வேதவல்லி முடிவே கட்டிட்டா. கூடைய ஒரு குச்சியில மாட்டித் தூக்கிக்கிட்டு நேரா வாய்க்காப் பாலத்துக்குப் போனா. கண்ண மூடிக்கிட்டுக் கவுத்தா. பொளக், பொளக், பொளக். எலுமிச்சங்கா எல்லாம் மெதந்துக்கிட்டே போவுது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் படித்தொறையில யாரு குளிச்சிட்டிருக்கறது? சென்னியப்பண்ணன்தான். முங்கி எந்திரிக்கறாரு, மூக்குக்கு முன்னால ஒரு எலுமிச்சங்கா. திரும்ப முங்கி எந்திரிக்கறாரு, இன்னொண்ணு. "அட, இது நம்ம மரத்துக் காயாட்ட இருக்குதே"ங்கறாரு. மேல நிமுந்து பாத்தா, பாலத்து மேல மெட்ராஸ்காரி கூடைய ஓதறிக்கிட்டு நிக்கறா. ஒவ்வொண்ணாப் பொறுக்கித் துண்டுல முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாரு.

அவ்வளவுதான். பேக்கரியில பேச்சு கெளம்பிருச்சு. "நம்ம சாமானம் அந்தம்மாளுக்கு ஆகாதுங்கறேன்." "மெட்ராஸ்ல பெருசாத் தின்னு பழகியிருப்பாங்களாட்ட." "பூசணிய வெளக்குமாத்தால அடிச்சாளாமா!" அப்போ கன்னியப்பன் டீ குடிக்க உள்ள நுழஞ்சான். பேச்சு கப்புன்னு நின்னுபோச்சு. அவன் குடிச்ச டீயில சக்கரையே தெரியல, பாவம்.

அன்னிக்கப்புறம் கூடையில ஒருத்தரும் ஒண்ணும் போடல. ஆனா கோழிக்காரி இருக்கா பாரு, அவளுக்கு மனசு கேக்கல. ஏன்னா அவ ஒண்ணப் பாத்திருந்தா. பொடக்காலி வேலிக்கு அந்தப் பக்கம், கொய்யா மரத்தப் புடிச்சுக்கிட்டு வேதவல்லி காத்தால காத்தால ஓக்காளமெடுக்கறதப் பாத்திருந்தா. வாயக் கழுவிட்டு வயித்தத் தடவிக்கறதையும் பாத்திருந்தா. "அடடா, வயித்துப்புள்ளக்காரியா இது. பக்கத்துல பெத்தவ இல்ல, பொறந்தவ இல்ல"ன்னு நெனச்சா. நெனச்சுப்போட்டு என்ன பண்ணினா? தன்கிட்ட இருந்ததுலயே ஒசத்தியான கோழியப் புடிச்சா. தெனம் தவறாம ஒரு முட்ட போடற கோழி. தலையில இருந்து காலு வரைக்கும் கன்னங்கரேல்னு கறுப்பு.

"அய்யோ ஆத்தா, கறுப்பா?"

கறுப்புதான். கறுப்புக் கோழின்னா என்ன மட்டமா? அதோட முட்டயத் தின்னா ஒடம்பு திடமாகும். அவ அப்படித்தான் நெனச்சா. ஒரு சேப்புக் கயித்துல காலைக் கட்டி, திங்கக்கெழமை விடியறதுக்கு முன்னால வாசக்காலுல கட்டிப்போட்டு, கூடைய மேல கவுத்து வெச்சிட்டு வந்துட்டா. "பூசணியும் எலுமிச்சயும் வாயில்லாத சாமானம், அதான் அவளுக்கு வெளங்கல. இது வாயத் தொறந்து சொல்லும் பாரு"ன்னு ஒரு நெனப்பு.

அது சொல்லுச்சு! வேதவல்லி கதவத் தொறந்தா, கவுந்த கூடை தன்னால நகுருது. சர்ரு, சர்ரு. கூடை படக்குனு சாஞ்சுது. கறுப்பா ஒண்ணு, கண்ணு ரெண்டும் பளபளன்னு, "கொக்... கொக்... கொக்கொக்கொக்!" சேப்புக் கயித்த அத்துக்கிட்டு நேரா வீட்டுக்குள்ள! மெஷினு மேல ஏறி, துணி மேல ஏறி, படபடன்னு பறந்து பீரோ மேல போயி உக்காந்துக்கிச்சு. வேதவல்லி போட்ட சத்தத்துல அணிலெல்லாம் மரத்த விட்டே ஓடிப்போச்சு.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும்.

அப்போ அவ புருசங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னா. "பூசணி வெச்சாங்க, எலுமிச்ச வெச்சாங்க, இப்போ கருங்கோழி வெச்சுட்டாங்க. இந்த ஊருக்கு நாம ஆவல. எனக்குப் புள்ளதான்யா முக்கியம். போயிரலாம்." கன்னியப்பன் கேட்டான், "எங்க போறது? அந்த ரூம்புக்கு ஆள் வந்தாச்சு. அங்க வேற வூடு நம்மால முடியுமா?" "எங்கனா போலாம்"னா. அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் தூங்கல. பீரோ மேல கோழி மட்டும் நல்லாத் தூங்குச்சு.

செவ்வாக்கெழமை. சந்தை நாளு. காத்தாலயே டெம்போ வந்து நின்னுருச்சு. கொடத்த ஏத்தறாங்க, பாய ஏத்தறாங்க, மெஷின ஏத்தறாங்க.

இந்தப் பக்கம் கோழிக்காரி சந்தைக்குக் கெளம்பிட்டா. போறவ காதுல, "உன்ற கோழியவும் அவ முடுக்கித் தொரத்திட்டாளாமா"ன்னு ஒருத்தி ஓதிட்டா. வந்துச்சு பாரு கோவம்! பாரந் தூக்கறதுக்குப் பழந்துணியச் சும்மாடாச் சுத்தித் தலையில வெச்சவ வெச்சபடியே திங்குதிங்குன்னு நடந்து போனா. "எங்க என்ற கோழி? எங்க என்ற கூடை? ரெண்டையும் குடுத்துப்போட்டு எங்கயோ போ!"ன்னா.

வேதவல்லி டெம்போவப் புடிச்சுக்கிட்டு நின்னிட்டிருந்தா. மொகமெல்லாம் வீங்கிக் கெடக்குது. "அந்தக் கோழி உங்க கோழியா? நீங்களா பண்ணீங்க?"ன்னு கேட்டா. அப்புறம் கைய வயித்து மேல வெச்சுக்கிட்டு, "நான் உங்களுக்கு இன்னா பண்ணேன் ஆத்தா? எம்புள்ள உங்களுக்கு இன்னா பண்ணுச்சு? எதுக்கு எங்க வாசல்ல இதெல்லாம் செஞ்சு வெச்சீங்க?"ன்னு ஓன்னு அழுதுட்டா.

கோழிக்காரிக்கு ஒண்ணும் வெளங்கல. "என்னத்தடி செஞ்சு வெச்சேன்? வயித்துப்புள்ளக்காரி தெனம் ஒரு முட்ட திங்கட்டும்னு கோழி கொண்டாந்து கட்டினேன்"ன்னா.

வேதவல்லி அழுகை பாதியில நின்னுபோச்சு. "முட்டைக்கா?"

"பின்ன எதுக்கு?"

"அப்போ பூசணி?"

"கொழம்புக்கு! ரங்காத்தா வெச்சது. நீ என்ன பண்ணுன?"

"முச்சந்தில ஒடச்சேன்."

"எலுமிச்சங்கா?"

"வாய்க்கால்ல வுட்டேன். மொளகாயும்."

"என்ற கோழி எங்கடி?"

"பீரோ மேல."

உள்ள இருந்து "கொக்"ன்னு ஒரு சத்தம்.

கோழிக்காரி வாசல்ல அப்படியே குத்தவெச்சு உக்காந்துட்டா. மொதல்ல தோளு குலுங்குச்சு. அப்புறம் வயிறு குலுங்குச்சு. தலையில இருந்த சும்மாடு கழண்டு மடியில உழுந்துருச்சு. கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கறா. வேதவல்லி மொறச்சுப் பாத்தா. அப்புறம் அவளுக்கும் உதடு கோணுச்சு. ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச சிரிப்புல டெம்போக்காரரு வண்டியவே அணச்சுப்போட்டு எறங்கி வந்துட்டாரு.

அப்போ கோழிக்காரி கூடைப் பழக்கத்தச் சொன்னா. சாமானம் போடறது எதுக்கு, திருப்பறது எதுக்கு, சந்தை முடியறதுக்குள்ளங்கறது எதுக்கு, எல்லாத்தையுஞ் சொன்னா. கேக்கக் கேக்க வேதவல்லிக்கு மொகம் சுண்டிப்போச்சு. "இவ்ளோ பேரு நல்லதுக்கு வெச்சதையா நான் வெளக்குமாத்தால தள்ளுனேன்"ன்னு திரும்ப அழப் பாத்தா. "அழுவாத. ஒரு பிடி சக்கரையப் போட்டுக் கூடையக் குடு, போதும். நானே கொண்டுபோயி எல்லாத்துக்கும் காட்டிக்கறேன்"ன்னா கோழிக்காரி.

"ஆத்தா... சக்கரை போட்டாளா?"

இல்ல கண்ணு, போடல. இங்கதான் அந்த வேதவல்லி ஆளு யாருன்னு தெரிஞ்சுது. "சக்கரை உங்கூருக் கடையில வாங்கினது ஆத்தா. உங்களுதையே உங்களுக்குக் குடுத்தா என்னுது எங்க இருக்குது? எனக்குக் காடு இல்ல, கோழி இல்ல. கை இருக்குது"ன்னா. சொல்லிப்போட்டு, கோழிக்காரி மடியில கெடந்த அந்தக் கந்தல் சும்மாட்டையே பாத்தா. அப்புறம் புருசனப் பாத்து, "யோவ், மெஷின எறக்கு"ன்னா.

"ஏத்துங்கற, எறக்குங்கற"ன்னு மொணகிக்கிட்டே கன்னியப்பன் எறக்கினான். வீட்டுக்குள்ள கொண்டுபோகக்கூட நேரமில்ல. வேப்பமரத்தடியில, தெருவுலயே மெஷினப் போட்டா. வெட்டுத்துணி மூட்டைய அவுத்தா. மெட்ராஸ்ல இருந்து கொண்டாந்த துண்டு துணுக்கு. பச்சை, நீலம், பூப்போட்டது, கோடு போட்டது. உள்ள தேங்கா நாரு வெச்சு, மேல மெத்துன்னு துணியச் சுத்தி, வட்டமா வளச்சு, டகடகடகடக. ஒரு சும்மாடு! அவுந்து உழுவாத சும்மாடு. அதே மாதிரி இன்னும் ரெண்டு. அந்த ஊர்ல அது வரைக்கும் ஒருத்தியும் தெச்ச சும்மாடு பாத்ததில்ல. பழந்துணியச் சுத்தறது, நடக்க நடக்க அவுறது, திரும்பச் சுத்தறது, அப்படியேதான் எல்லாம் காலத்த ஓட்டினோம்.

சந்தையில கூட்டம் கலைய ஆரம்பிச்சுருச்சு. காயிக்காரங்க சாக்க ஓதறி மடிக்கறாங்க. அப்போ தெருக்கோடியில வேதவல்லி வர்றா. கூடை அவ இடுப்புல. கோழிக்காரி பின்னாலயே. எல்லாக் கண்ணும் கூடை மேலதான். உள்ள ஏதாச்சும் இருக்குதா, இல்லியா?

அவ நேரா ரங்காத்தா கிட்டப் போயி நின்னா. கூடையில இருந்து பூப்போட்ட சும்மாடு ஒண்ண எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினா. "அக்கா, உங்க பூசணிய பயத்துல ஒடச்சிட்டேன். வேணும்னு பண்ணல. மன்னிச்சுக்குங்க"ன்னா. ரங்காத்தா வாங்கல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறா. என்ன ஆவுமோன்னு கோழிக்காரி எட்டி எட்டிப் பாக்கறா. அப்புறம் ரங்காத்தா மெதுவா அத வாங்கினா. அமுக்கிப் பாத்தா. தலையில வெச்சா. மேல மஞ்சக் கூடையத் தூக்கி வெச்சா. இந்தப் பக்கம் தலைய ஆட்டறா, நிக்குது. அந்தப் பக்கம் ஆட்டறா, நிக்குது. ஒரு நடை நடந்து பாத்தா. திரும்பி வந்து, வித்தது போக மீதி இருந்த ஒரு பூசணிய வேதவல்லி கூடையில தொப்புன்னு போட்டா. "இதையாச்சும் ஒடைக்காம அரி"ன்னா.

அவ்வளவுதான், சந்தையே சிரிச்சுது! சென்னியப்பண்ணனுக்குக் கோடு போட்ட சும்மாடு, வாழத்தாரு தூக்க. அவரு விக்கக் கொண்டாந்திருந்த துண்டு முடிச்ச அவுத்து, "இது வாய்க்கால்ல குளிச்ச எலுமிச்சைங்க, ஊறுகாய்க்கு நல்லாருக்கும்"னு திரும்பக் குடுத்தாரு. அப்புறம் எனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு அத்தன பொம்பளைகளும் சுத்திக்கிட்டாங்க. கன்னியப்பன் தனியா டெம்போவுல ஏத்தின சாமானத்தையெல்லாம் எறக்கிக்கிட்டிருந்தான். அவனுக்கு யாரு ஒத்தாசை பண்ணினதுங்கற? பேக்கரியில பேச்ச நிறுத்தினாங்கல்ல, அவங்கதான்.

கோழிக்காரிக்குக் கெடச்சது கன்னங்கரேல்னு கறுப்புச் சும்மாடு. ரெண்டு மஞ்சப் பொத்தான் கண்ணு வெச்சு. குறும்பு! ம் கொட்டு.

"ம்ம்..."

அப்புறம் மாசம் ஏறி, அந்த வீட்டுல ஒரு பாப்பா பொறந்துச்சு. தொட்டில் கட்டறதுக்கு மெட்ராஸ்ல எடமில்லாம இருந்துச்சே, இங்க ரெண்டு ரூம்புலயும் விட்டம் இருந்துச்சு. எதுல கட்டறதுன்னு புருசனும் பொண்டாட்டியும் ஒரு நாளெல்லாம் சண்ட போட்டாங்க. அப்போ கோழிக்காரி தன்னோட சும்மாட்ட ரெண்டு தரம் வெந்நீர்ல தொவச்சு, வெயில்ல காயப்போட்டு, பொத்தானப் பிரிச்சு எடுத்துட்டு, அதே கூடையில வெச்சுக் கொண்டுபோனா. பாப்பா தலைக்கடியில வெச்சா. பச்ச மண்ணு தலை, கோணாம உருண்டையா இருக்கோணுமில்ல? இப்படித் தடவிப் பாரு. உருண்டையா இருக்குதா?

"ம்... எந்தலையா?"

உன்ற தலைதான், வேற யாரு தலை? கோழிக்காரியும் நாந்தான். நீதான் மொதல்லயே கண்டுபுடிச்சுட்டியே. ஒண்ணு சொல்லட்டுமா கண்ணு? அன்னிக்கு நான் கோவத்தோட போனது நல்லதாப் போச்சு. ரோசத்துல வீட்டுலயே உக்காந்திருந்தேன்னா அந்த டெம்போ போயிருக்கும். நீ எந்த ஊர்ல எந்த மாடிப்படிக்குக் கீழ படுத்திருப்பியோ.

"கூடை எங்க ஆத்தா..."

அந்தக் கூடை இன்னும் நிக்கவே இல்ல. நான் கொய்யா போட்டனுப்புனா உங்கம்மா முறுக்கு போட்டனுப்புவா. அவ முறுக்குக்கு நான் முட்ட. போன வாரம் சுண்டைக்கா போட்டனுப்புனேன். கூடை இன்னுந் திரும்பி வல்லியேன்னு காத்தாலகூட நெனச்சேன். இல்லடி, வந்துருச்சு. இன்னிக்கு உன்னைய இல்ல போட்டனுப்பியிருக்கறா.

அப்போ நான் எப்படி வெறுமனாத் திருப்பறது? அதான் ஒரு கதையப் போட்டேன். அதுக்கு மேல ஒரு சிரிப்பப் போட்டேன். இப்ப அலுங்காம குலுங்காம ஒரு தூக்கத்தப் போடறேன்.

கேளு, மெஷினு நின்னுபோச்சு. "ம்"மும் நின்னுபோச்சா? சரி. கூடை நெறஞ்சுது, கதை எறங்கிச்சு. வேதவல்லி, கதவு சாத்தலம்மா, உள்ள வா. மெதுவாத் தூக்கு, உன்ற கூடை தூங்குது.